ஆறாவது ஷரத்தும் அடுத்த வீட்டு நீச்சல் தொட்டியும்

8-4-1986, செவ்வாய்

காலையிலேயே அனல். வேப்ப மரத்தில் ஓர் இலை அசையவில்லை. முன்சீப் கோர்ட்டில் இரண்டு வழக்குகள், இரண்டுக்கும் வாய்தா. மூக்குக் கண்ணாடியின் திருகு மறுபடியும் கழன்றுவிட்டது.

இந்த நோட்டில் இதுவரை வாய்தாத் தேதிகளைத் தவிர வேறெதுவும் எழுதியதில்லை. மனம் கலைந்திருக்கும்போது எனக்குத் தெரிந்த ஒழுங்கு ஒன்றுதான். ஆகவே:

1. இதை எழுதுபவன் நல்லசிவம், வயது 49, வழக்கறிஞர், திருச்செங்கோடு வட்டம்.

2. மனைவி கமலம். ஒரே மகள் வாணி, வயது ஏழு. காது கேட்கும், பேச்சு வரவில்லை. சேலத்திலும் கோவையிலும் காட்டியாயிற்று. பொறுத்துப் பார்க்கலாம் என்பதே இரண்டு இடத்துத் தீர்ப்பும்.

3. மேற்கே அடுத்த வீடு அர்த்தநாரியுடையது. போர் போடும் ரிக் லாரிகள் மூன்று வைத்திருக்கிறார். அந்த மனையை ஐந்து வருடங்களுக்கு முன் அவருக்கு விற்றவன் நான். கிரயப் பத்திரத்தை எழுதியவனும் நானே.

4. அவர் தம் மனையின் வடகிழக்கு மூலையில் நீச்சல் தொட்டி கட்டியிருக்கிறார். கிழக்கு மேற்காக முப்பதடி நீளம், பதினைந்தடி அகலம். ஒரு முனை மூன்றடி ஆழம், மறுமுனை எட்டடி. நீலப் பீங்கான் ஓடு. மூன்று பக்கம் இரும்புக் கம்பித் தடுப்பு உண்டு. கிழக்குப் பக்கம் இல்லை.

5. கிழக்குப் பக்கம் என் வீட்டுப் பின்வாசல்.

6. இன்று பகல் பதினொன்றரை மணிக்கு வாணி அத்தொட்டியின் படியில், இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் எடுக்க வந்த தறிக்காரத் தெருப் பாப்பாத்தி தூக்கி வந்து கமலத்திடம் கொடுத்தாள். எனக்குத் தகவல் வந்தது பிற்பகல் மூன்று மணிக்கு, கோர்ட் வளாகத்து டீக்கடையில்.

பாப்பாத்தி சொன்னதாகக் கமலம் சொன்னது: “சாமி சிரிச்சுக்கிட்டே உக்காந்திருந்துச்சுங்க அக்கா. நாங் கையப் புடிச்சப்பத்தான் அளுதுச்சு.”


9-4-1986, புதன்

வெயில் நேற்றைப் போலவே. காலை ஏழு மணிக்கு அர்த்தநாரி (இனி ‘அர்.’) வீட்டுக்குப் போனேன். ரிக் ஒன்று ராஜஸ்தானிலிருந்து வந்து நிற்கிறது. வாசலெல்லாம் செம்மண்ணும் கிரீஸும். மரியாதைக்குக் குறைவில்லை. காப்பி, நாற்காலி.

நீச்சல் தொட்டியை வடக்கே ஏதோ லாட்ஜில் பார்த்தாராம். தாமும் ஒன்று கட்ட வேண்டுமென்று அன்றே நினைத்தாராம். சுற்றுவட்டாரத்தில் இதுதான் முதல் நீச்சல் தொட்டி. ஊரில் இதற்கு ‘சிம்மிங் பூலு’ என்று பெயர்.

கிழக்கிலும் தடுப்பு வேண்டும் என்றேன்.

“அண்ணா, ஈசானியத்துல போயி செவுரு வெக்கச் சொல்றீங்களே. நாயமுங்களா?”

“சுவர் வேண்டாம். கம்பி போதும்.”

“கம்பின்னாலும் அடைப்புத்தானுங்களே. ஈசானியத்தக் கெழக்கால அடைச்சா ஊடு வெளங்காதுன்னு நெலம் பாக்கறவரு சொல்லிப்போட்டாருங்க. இந்த மூலையில தண்ணி வந்த பொறவுதானுங்க எனக்கு மூணாவது ரிக்கு வந்துச்சு.”

“என் குழந்தை...”

“பாப்பா எனக்கு வேறயாங்களா? நல்லா வெளையாடட்டும். எங்கூர்ல நாங்கல்லாம் முதுகுல காஞ்ச சொரக்காப் புருடயக் கட்டிக்கிட்டுக் கெணத்துல குதிச்சவிங்க. ஒரு வாரத்துல நீச்சப் பளக்கி உட்டுர்றனுங்க.”

வாணிக்குக் கூப்பிட்டால் திரும்பத் தெரியாது. ‘வேண்டாம்’ என்றால் நிற்கத் தெரியாது. இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே எழுந்தேன். வாசல் வரை வந்து வழியனுப்பினார். அங்கே நின்றுகொண்டு, சாதாரணமாக:

“அதுவுமில்லாம, செவுரோ வேலியோ வெக்கக் கூடாதுன்னு பத்திரத்துல நீங்கதானுங்க எழுதி வெச்சிருக்கறீங்க.”


அன்றே, மாலை

பத்திரத்தின் நகலை எடுத்துப் படித்தேன். ஷரத்து ஆறு. என் நடை, என் நிறுத்தற்குறிகள்.

‘இரு தரப்பாரும், அவர்தம் வாரிசுகளும், பொது எல்லைக்கு இருபுறமும் இருபது அடிக்குள், தற்போதுள்ள கட்டடம் நீங்கலாக, எல்லைக்கு இணையாகச் சுவரோ, கம்பி வேலியோ, உயிர்வேலியோ, வேறெவ்வித மறைப்போ எக்காலத்தும் எழுப்பலாகாது.’

மேற்கிலிருந்து என் வீட்டுக்கு வரும் காற்று நின்றுவிடக் கூடாதென்று எழுதினேன். ரிக் முதலாளி, பணம் வந்தால் மாடி, ஷெட், பத்தடி மதில் என்று எழுப்பி ஆடிக் காற்றை அடைத்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன். எழும்பக்கூடிய ஒவ்வொன்றையும் பெயர் சொல்லித் தடுத்தேன். அவர் கீழே தோண்டுவார் என்று தோன்றவில்லை.

எல்லையிலிருந்து என் பின்சுவர் பதினெட்டு அடி. அதாவது என் பக்கத்திலும் நான் ஒரு முள்வேலி போட முடியாது. போட்டால் ஷரத்தை முதலில் மீறியவன் நான்.


11-4-1986, வெள்ளி

டவுன் பஞ்சாயத்து ஆபீஸ். மின்விசிறி ஓடவில்லை. நிர்வாக அதிகாரி ஆத்தூர்ப் பக்கத்துக்காரர், வந்து ஆறு மாதம் ஆகிறது. நல்ல மனிதர். கட்டட விதிப் புத்தகத்தை எடுத்து என் முன்னாலேயே முதலிலிருந்து புரட்டினார்.

“சார், நீங்களே சொல்லுங்க. கெணறுன்னா சுத்துச் செவுரு கேக்கலாம். செப்டிக் டேங்குன்னா மூடி கேக்கலாம். இத எதுல போடறது?”

“அனுமதி எப்படிக் கொடுத்தீர்கள்?”

கோப்பு வந்தது. ‘தரைமட்டத்துக்குக் கீழ் தண்ணீர்த் தொட்டி, சொந்த உபயோகத்துக்கு.’ வரைபடத்தில் படிகள்கூட இருக்கின்றன. யாரும் கேட்கவில்லை, தொட்டிக்கு எதற்குப் படி என்று.

இனியேனும் நிபந்தனை விதிக்கலாமே என்றேன். தடுப்பின் உயரம், வாயிலுக்குப் பூட்டு, சாவி யார் பொறுப்பில் இருப்பது: மூன்று பக்கத்துக்கு ஒரு வரைவே எழுதிக் கொண்டுபோயிருந்தேன். பொறுமையாகப் படித்தார். இரண்டாம் பக்கத்தில் ஓர் எழுத்துப் பிழையைக்கூடக் காட்டினார்.

“ரொம்ப நல்லா இருக்கு சார். ஆனா எந்த ரூல்படி?”

வரைவை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

“ஒரு உசுரு போனா ஆர்.டி.ஓ. விசாரணை வரும். அப்புறம் மெட்ராஸ்ல இருந்து ஒரு சர்க்குலர் வரும். அதுக்கு முன்னாடி வராது சார். தப்பா எடுத்துக்காதீங்க.”

தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் சொன்னது உண்மை.

திரும்பும் வழியில் கண்ணாடிக்குத் திருகு போட்டேன். வாணிக்கு ஒரு ரப்பர் பந்து. தொடவில்லை.


14-4-1986, திங்கள்

வருடப் பிறப்பு. வேப்பம்பூப் பச்சடி. கமலத்தின் அண்ணன் எடப்பாடியிலிருந்து வந்திருந்தார். பன்னிரண்டு விசைத்தறி, சத்தத்திலேயே இருந்து பழகியவர், வீட்டிலும் கத்தித்தான் பேசுவார். வாணியைச் சில மாதம் தம்மிடம் விடச் சொன்னார்.

“உங்கூட்டுக்குப் பின்னாலயும் கெணறு வாய் தெறந்துக்கிட்டுத்தான கெடக்குது அண்ணா?” என்றாள் கமலம்.

“கெணத்துக்கிட்ட இவ போகமாட்டா அம்மிணி. நானும் பாத்திருக்கறேன்.”

அது சரிதான். எங்கள் தோட்டத்துக் கிணற்றை வாணி எட்டிப் பார்த்ததே இல்லை. ஆழம், இருட்டு, தண்ணீர் எங்கோ கீழே. அர். வீட்டுத் தொட்டியில் தண்ணீர் தரையோடு தரையாக நிற்கிறது, நீல நிறத்தில், வெயிலில் ஆடிக்கொண்டு. பின்வாசல் கதவைத் திறந்தால் அதுதான் தெரிகிறது. குழந்தையின் கண்ணுக்கு அது எங்கள் முற்றத்தின் ஒரு பகுதி.

இருந்தும் கமலம் அனுப்பச் சம்மதிக்கவில்லை. கையை ஆட்டினால் என்ன பொருள், முகத்தைத் திருப்பினால் என்ன பொருள் என்று அறிந்தவள் உலகத்தில் அவள் ஒருத்திதான். அண்ணன் மறுபடி கேட்கவில்லை.

போகும்போது ஒரு ஜோடி சலங்கை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார், இரண்டு காலிலும் கட்ட. எங்கே இருக்கிறாள் என்று தெரியும் அல்லவா.


18-4-1986, வெள்ளி

புழுக்கம். மேற்கில் மேகம் கூடிக் கலைந்தது.

ஷரத்து ரத்துப் பத்திரம் ஒன்று எழுதினேன். இரு தரப்பாரும் ஆறாவது ஷரத்தைத் தங்கள் முழுச் சம்மதத்துடன் நீக்கிக்கொள்வதாக. ஒன்றரைப் பக்கம். என் கையெழுத்தைப் போட்டு, குமாஸ்தா செல்லமுத்துவிடம் கொடுத்து அர். வீட்டுக்கு அனுப்பினேன்.

செல்லமுத்து திரும்பி வந்து சொன்னது: “சாமி படத்துக்கிட்ட வெச்சுட்டாருங்க. நல்ல நாள் பாத்துக் கையெளுத்துப் போடறாராம்.”

“எப்போது?”

“அது சாமிக்குத்தானுங்க தெரியும்.”

வழக்குத் தொடுக்கலாமா என்று இரவுச் சாப்பாட்டின்போது யோசித்தேன். வாதி நல்லசிவம். அபாயகரமான நீர்நிலை, அண்டை வீட்டுக் குழந்தை, தடுப்பு வேண்டுமென உத்தரவு. எதிர்த் தரப்புக்கு எந்த இளம் வக்கீலும் போதும். ‘தடுப்பே கூடாதென்று வாதி தாமே எழுதிய பத்திரம் இது, கனம் கோர்ட்டார் அவர்களே.’ அத்துடன் உட்கார்ந்துவிடலாம். கோடை விடுமுறை வேறு. விசாரணைக்கு வரும்போது வாணிக்குப் பத்து வயதாகியிருக்கும்.

கமலம் மோர் ஊற்றிக்கொண்டே: “ஏனுங்க, சோத்தப் பாத்துத் தின்னுங்க.”


20-4-1986, ஞாயிறு

காலையில் பின்முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன், காவல். பக்கத்தில் வாணி வேப்பம்பூப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சலங்கைச் சத்தம்.

தெருக் குழாயில் பதினைந்து நாளாகத் தண்ணீர் இல்லை. அர். வீட்டு போர் மட்டும் வற்றவில்லை. தொட்டியை நிரப்பும் குழாயில் யார் வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கிறார். தறிக்காரத் தெருப் பெண்கள் என் முற்றத்தின் ஓரமாகத்தான் குடத்துடன் போகிறார்கள். நான் ஆட்சேபித்ததில்லை.

பாப்பாத்தி நின்றாள். பின்னால் இன்னும் நாலைந்து பேர்.

“வக்கீலய்யா, செவுரு கேக்கறீங்களாமா?”

“கேட்டிருக்கிறேன்.”

“அப்ப நாங்க கொடத்தத் தூக்கிக்கிட்டு எப்படிப் போறதுங்க? சுத்திப் போனா அரை மைலுங்க.”

வாயில் வைக்கலாம், பகலில் திறந்திருக்கும் என்று விளக்கத் தொடங்கினேன். பகலில் திறந்திருந்தால் அந்த வாயில் எதற்கு என்று எனக்கே பாதியில் புரிந்தது. நிறுத்திவிட்டேன்.

பின்னாலிருந்து ஒருத்தி: “உடுங்கக்கா, இவரு கோர்ட்டுல மனுப் போட்டு நமக்குத் தண்ணி வாங்கித் தருவாரு. அதுவரைக்கும் தாகத்துக்கு வாய்தா.”

சிரித்துக்கொண்டு போனார்கள். பாப்பாத்தி சிரிக்கவில்லை. வாணியின் தலையைத் தடவி, “சாமி, அந்தப் பக்கம் போகாத கண்ணு” என்றாள். வாணி அவளுடைய குடத்துக்குள் கையை விட்டு, விரல்களை அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.


27-4-1986, ஞாயிறு

நடந்ததை நடந்த வரிசையில் மட்டும்.

பகல் இரண்டு மணி. கமலம் முன்பக்கம் வடகம் காய வைத்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளறையில் ஒரு பாகப் பிரிவினைக் கட்டைப் படித்துக்கொண்டிருந்தேன். பின்வாசல் தாழிடப்பட்டிருந்தது, தாழிட்டவன் நான். சலங்கைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு நின்றது. தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். நினைத்ததை நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறேன்: நல்லது, ஒரு பக்கம் கூடுதலாகப் படிக்கலாம் என்று.

முக்காலியைத் தள்ளிக்கொண்டு போய் ஏறித் தாழைத் திறந்திருக்கிறாள்.

வெளியில் பெண்கள் சத்தம். ஓடினேன். செருப்பில்லாமல் அந்தப் பதினெட்டு அடி. பாப்பாத்தி சேலையோடு எட்டடி ஆழத்தில் இறங்கியிருந்தாள். முதலில் அவள் கை வந்தது. பிறகு கையில் முடி. பிறகு வாணி.

அர். ஓடி வந்து குழந்தையைக் கவிழ்த்துப் பிடித்து முதுகைத் தட்டினார். தண்ணீர் வந்தது. இருமல் வந்தது. மூச்சு வந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. சாட்சிக் கூண்டில் ஒருவன் இப்படிச் சொன்னால் நான் விட்டிருக்க மாட்டேன். உத்தேசமாகச் சொல்லுங்கள் என்று கேட்டிருப்பேன்.

அர். தரையில் உட்கார்ந்து அழுதார். “அண்ணா, மூடிப்போடறனுங்க. நாளைக்கே நாலு லோடு மண்ணக் கொட்டி மூடிப்போடறேன். எனக்கு இது வேண்டாமுங்க.”

டாக்டர் வந்து பார்த்தார். நெஞ்சில் ஒன்றுமில்லை என்றார்.

மாலையில் வாணியின் காலிலிருந்து கமலம் சலங்கையை அவிழ்த்தாள். முடிச்சு ஈரத்தில் இறுகியிருந்தது; பல்லால் கடித்து அவிழ்த்தாள். என்னிடம் பேசியது ஒரே ஒரு வாக்கியம்:

“தண்ணிக்குள்ள இது கேக்காதுன்னு நம்ம ரெண்டு பேத்துல ஒருத்தருக்காச்சும் தோணீருக்க வேண்டாமுங்களா?”


28-4-1986, திங்கள்

கோர்ட்டுக்குப் போகவில்லை. மண் லாரிக்காகக் காத்திருந்தேன். வரவில்லை.


30-4-1986, புதன்

இன்றும் வரவில்லை. மாலை அர். வந்தார். உள்ளே வந்து உட்காரவில்லை; நிலைப்படியில் கையூன்றி நின்றார். மூன்று நாளில் முகம் கறுத்திருக்கிறது.

“அண்ணா, எங்கூட்ல ஒத்துக்கலீங்க. நெலம் பாக்கறவரும் வந்தாருங்க. ஈசானியத்துத் தண்ணிய மூடுனா குடும்பத்துல மூத்தவன் இருக்கமாட்டான்கறாரு. எங்கப்பனுக்கு நான்தானுங்க மூத்தவன். எம்பையனுந்தான்.”

அவருக்கு அவர் பிள்ளை.

“பாப்பா பொளச்சதே அந்த மூலை சுத்தமா இருக்கறதாலதான்னு...” அதை முடிக்கவில்லை.

வீட்டுக்குள் எட்டிப் பின்பக்கம் பார்த்தார். பிறகு: “ஆனா ஒண்ணு செய்யலாமுங்க. உங்கூட்டுப் பின்தாவாரம் பளைய கட்டடந்தானுங்களே? பத்திரத்துல அதுக்குத் தடையில்லீங்களே?”

தடையில்லை. ‘தற்போதுள்ள கட்டடம் நீங்கலாக.’ என் ஷரத்தை என்னைவிட அவர் நன்றாகப் படித்திருக்கிறார்.

“அங்க கிரில் போட்டுக்கலாமுங்க. எங்க ரிக்குப் பட்டறை வெல்டரையே அனுப்பறேன். இரும்பு, கூலி ஒண்ணும் நீங்க பாக்க வேண்டாம். எங்கூட்டு வேலையாட்டம் செஞ்சு தரச் சொல்றேன்.”

நன்றி என்றேன். பழக்கத்தில் வந்துவிட்டது.


2-5-1986, வெள்ளி

வெல்டர் மாது வந்தான். மேட்டூர் ரோட்டில் ஒரு லாரி கவிழ்ந்து கிடக்கிறதாம், அதனால் நேரமாகிவிட்டதாம். தாழ்வாரத்தை அளந்தான். பிறகு வாணியைக் கூப்பிட்டான். அவள் வரவில்லை, அவனே போய் மண்டியிட்டு, தலையின் இரு பக்கமும் டேப்பை வைத்து அளந்தான்.

“தலை நொளையாம இருந்தாப் போதுமுங்க. ஒடம்பு தானா நிக்கும். நாலு அங்குலத்துக்கு ஒரு கம்பி. குறுக்குக் கம்பி கீள வேண்டாமுங்க, கால வெச்சு ஏறிப்போடும்.”

“தாழ்?”

“வெளிப்பக்கமாத் திருப்பி வெச்சுடறனுங்க. உங்க கையி எட்டும், அது கையி எட்டாது.”

எந்தப் புத்தகத்தைப் பார்த்தும் அவன் இதைச் சொல்லவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சொன்னான். என்னுடைய மூன்று பக்க வரைவில் தலையின் அகலத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கமலம்: “முன்பக்கம் லாரிக்குப் பயந்து எந்நேரமும் பூட்டியே கெடக்குது. இப்பப் பின்பக்கமும். அப்பறம் அவ எங்கதானுங்க வெளையாடுவா?”

மாது என்னைப் பார்த்தான். நான் டேப்பைப் பார்த்தேன்.


4-5-1986, ஞாயிறு

காலை எட்டு மணிக்கே சுட்டது. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வெல்டிங். பொறி பறப்பதைப் பார்க்கக் கூடாதென்று வாணியின் கண்ணைக் கமலம் முந்தானையால் மூடியிருந்தாள். கம்பிக்குச் சிவப்பு ரெட் ஆக்சைடு பூச்சு. காயும் வரை தொட வேண்டாம் என்றான் மாது. ஆனால் வாணி தொட்டாள். இரண்டு உள்ளங்கையும் சிவப்பு. கம்பியைப் பிடித்துக்கொண்டு, நெற்றியை அதில் அழுத்தி, எதிரே தண்ணீரைப் பார்த்தபடி நிற்கிறாள். இதை எழுதும்போதும்.

பாப்பாத்தி வெளியில் குடத்தோடு போகும்போது நின்று, கம்பி வழியாகக் கையை விட்டு அவள் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனாள்.

எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது. எதற்கு என்று தெரியவில்லை. எந்த அலுவலகத்திலும் இதற்கு எண் கிடையாது.

அ. இன்று எனது வீட்டின் பின்தாழ்வாரத்தில் ஏழடி உயரத்துக்கு இரும்புக் கம்பித் தடுப்பு அமைக்கப்பட்டது. ஷரத்து எதுவும் மீறப்படவில்லை.

ஆ. தொட்டி திறந்தே இருக்கிறது. அதற்கு அனுமதி உண்டு.

இ. கம்பிக்கு உட்புறம் இருப்பவள் என் மகள் வாணி. குற்றம் ஏதும் செய்தவள் அல்லள். காலவரை குறிப்பிடப்படவில்லை.

ஈ. அவளுக்கு இது விளக்கிச் சொல்லப்படவில்லை. சொல்ல எனக்குத் தெரியவில்லை.

செல்லமுத்து எதற்கென்று கேட்காமல் கையெழுத்துப் போட்டார். பதினெட்டு வருடப் பழக்கம். மாது பெயரை மட்டும் எழுதத் தெரியும் என்று சொல்லி, மெதுவாக எழுதினான். கமலத்திடம் நீட்டினேன். கடைசி வரி வரை படித்தாள். பேனாவை வாங்கி, மூடியைப் போட்டு, என் சட்டைப் பையில் செருகிவிட்டுக் குழந்தையிடம் போய் நின்றுகொண்டாள்.

(ஒப்பம்) நல்லசிவம்

சாட்சிகள்:
1. செல்லமுத்து, குமாஸ்தா
2. மாது, வெல்டர்